மை காயாத தாள்

ஆறு மணிக்கு மோட்டார் போட்டான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினான். பால் பாக்கெட்டைக் கழுவி உள்ளே வைத்தான். வாசலில் கிடந்த செய்தித்தாளை எடுத்து, முதல் பக்கத்தின் மூலையில் கட்டைவிரலால் மூன்று தடவை தேய்த்து விரலைப் பார்த்தான். கறுப்பு. இந்த வீட்டில் அந்தச் சோதனை முடியாமல் யாரும் செய்தி படித்ததில்லை. மனைவி காகித ஆலையின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்தாள்.

பல் தேய்த்தான். சட்டை மாற்றினான். பிறகு மாடி ஏறிப் போய் வீட்டுக்காரரிடம், தண்ணீர் ஏற்றியாகிவிட்டது என்றும், மனைவி விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள் என்றும், மதியம் கொண்டு வருவார்கள் என்றும் அதே வரிசையில் சொன்னான்.

வீட்டுக்காரர் வாயில் நுரையோடு நின்றார். "ரெண்டு தொட்டியும் ரொம்பிடுச்சா?" என்றார். மற்றது அதன் பிறகுதான் அவருக்கு எட்டியது. பிரஷ் கீழே விழுந்தது.

முதலில் வந்தவள் அவனுடைய சித்தி. அழுதுகொண்டே வந்தாள், அழுதுகொண்டே நாற்காலிகளை ஓரமாக நகர்த்தினாள், அழுதுகொண்டே ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, "எலுமிச்சம்பழம்கூட இல்லையேடா" என்றாள்.

வந்தவர்களுக்கெல்லாம் அவன் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். நேற்று சாயங்காலம் தலைவலி என்றாள். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்கள். ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள். தூங்கினாள். தூக்கத்திலேயே தலைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. கேட்டவர்கள் எல்லோரும் தலையசைத்துவிட்டு, கடைசியில் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"கடைசியா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல" என்றான்.

சித்தி அவனைச் சமையலறைக்குள் இழுத்தாள். "வந்தவங்களை இப்படி வெறுங்கையோட அனுப்புறியேடா. ஒண்ணும் சொல்லலைன்னா ரெண்டு பேருக்கும் ஏதோ சண்டைன்னுதானே நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும்."

"நீ வாயத் திறக்காத. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். பதினோரு மணிக்கு அவன் மனைவி கடைசியாக, "அவரைப் பாத்துக்கோங்க சித்தி" என்று சொல்லியிருந்தாள். சித்தி ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அந்த வாசகம் தெருமுனைக்குப் போய், வளர்ந்து திரும்பி வந்தது. இஸ்திரிக் கடைக்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி நிமிஷத்துல உங்களை வேற கல்யாணம் பண்ணிக்கச் சொன்னாங்களாமே சார். யாருக்கு வரும் அந்த மனசு!" என்று கண்ணைத் துடைத்தார்.

ஒரு மணிக்கு அவளைக் கொண்டு வந்து கூடத்தில் கிடத்தினார்கள். சற்று நேரத்தில் மாமியாரும் வந்து சேர்ந்தார். கூட அவளுடைய பெரியப்பா.

மாமியார் வெளியூரில் தையற்கடை வைத்திருப்பவர். யாரைப் பார்த்தாலும் கண்ணாலேயே அளவெடுப்பார். மகளைப் பார்த்தார். நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினார். சுடிதாரின் காலரை நேராக்கினார். அழவில்லை. அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்க. எனக்கு இன்னிக்கு விடிஞ்சப்புறம் போன் வருது. நடுவுல உங்க போன் செத்துப்போச்சா?"

அவன் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ஒரு போன் போட கை வலிக்குதா மாப்பிள்ளை?" என்றார் பெரியப்பா. அவருக்குக் கனத்த குரல், அதைவிடக் கனத்த வெள்ளை மீசை. "பெத்தவ முகத்தைப் பாக்காமலே போயிட்டாளே! யார் கொடுத்த அதிகாரம் இது?"

பதில் அவனிடம் இருந்தது. அவள் கடைசியாகச் சொன்னதே அந்தப் பதில்தான். அதைப் பெற்ற தாயிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. சொல்லாவிட்டால் அவன் கெட்டவன். சொன்னால் அவள் கெட்டவள். அவன் கெட்டவனாக இருப்பது சுலபம் என்று பட்டது.

"கடைசியா என்னதான் பேசினா?" என்றார் மாமியார்.

சித்தி முந்திக்கொண்டு, பாத்துக்கோங்க வாசகத்தை எடுத்து விட்டாள். மாமியார் அதைத் துணியைப் பிரித்துப் பார்ப்பதுபோல் கேட்டார்.

"என் பொண்ணா அப்படிச் சொன்னா? அவங்க அப்பா செத்தன்னிக்கு, 'நீ அழுது முடிச்சிட்டா சொல்லும்மா, எனக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை'ன்னு சொன்னவ அவ. இது வேற யாரோ பேசின பேச்சு."

சித்திக்கு முகம் சுருங்கிவிட்டது. மாமியார் வாசல் நிலையில் போய்க் குறுக்காக உட்கார்ந்தார்.

"அவ சொன்னது என் காதுல விழணும். விழாம நாலு மணிக்கு எடுக்க விடமாட்டேன். என்னைத் தாண்டித்தான் தூக்கிட்டுப் போகணும்."

வண்டியை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு என்ன மணி என்று மறந்துபோனான்.

அந்த நேரத்தில்தான் ஆலையிலிருந்து வந்தார்கள். முன்னால் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர், பின்னால் மெஷின் மாஸ்டர். தலைவருக்கு அவள் வைத்த பெயர் பளபளா. தாளின் பளபளப்பை அளக்கும் கருவி எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அவர் தூங்கும்போது அதை அவர் வழுக்கையில் வைத்து அளந்திருப்பதாகவும், ஆலையில் எந்தத் தாளுக்கும் அந்த எண் இதுவரை வரவில்லை என்றும் அவள் சொல்லியிருக்கிறாள்.

பளபளா மாமியாரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரு கட்டு அஞ்சலித் தாள். அவள் படம், பெயர், இரண்டு தேதிகள்.

"தம்பி, வெளிப் பேப்பர்ல அடிக்க மனசு வரல. அவங்க பேப்பர்லயே அடிச்சிட்டோம். இந்த வாரம் ஓட்டின நாலாம் ரோல். பாருங்க, கண்ணிமை ஒவ்வொண்ணா நிக்குது!"

நின்றது. அவ்வளவு தெளிவாக அவளை அவன் கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்த்ததில்லை.

வெள்ளைக் களிமண்ணையும் கஞ்சியையும் குழைத்துத் தாளின் மேல் மெல்லியதாகப் பூசுவது அவள் வேலை. பூச்சு சரியில்லை என்றால் மை உள்ளே ஊறி, படம் மங்கிப் போகும். பூச்சு அளவுக்கு மீறி இறுகிவிட்டால் மை மேலேயே நின்றுவிடும், காயவே காயாது. முதல் வருஷம் பூராவும் ஊறியது. இரண்டாம் வருஷம் பூராவும் நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தாள் ஒளிந்திருக்கிறது, அதைப் பிடிக்காமல் விடமாட்டேன் என்பாள். நாலாம் ரோல் எந்தப் பக்கம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

"கடைசியா, 'என் ஆராய்ச்சியை விட்டுடாதீங்க'ன்னு எங்களுக்குச் சொல்லி அனுப்பினாங்களாமே" என்றார் பளபளா. "ஆலைப் பத்திரிகையில முதல் பக்கத்துலயே போடுறோம் தம்பி."

அவன் சித்தியைப் பார்த்தான். சித்தி ஜன்னலைப் பார்த்தாள்.

தாள்கள் கை மாறின. எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். படத்தைத் தடவினார்கள். கண்ணைத் துடைத்தார்கள்.

முதலில் அவன் கவனித்தது வீட்டுக்காரரின் மனைவியை. இரண்டு கன்னத்திலும் கறுப்பாகக் கோடு. துக்கத்தில் சிலருக்கு அப்படி ஆகும் போலிருக்கிறது என்று நினைத்தான். பக்கத்தில் இருந்தவளுக்கு மூக்கு கறுப்பு. அதற்குப் பக்கத்தில் சித்தி, புலி வேஷம் கட்டியவள்போல் இருந்தாள். ஒவ்வொருத்தியும் அடுத்தவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சாவு வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்து மறுபடியும் துடைத்துக்கொண்டாள்.

இஸ்திரிக் கடைக்காரர் ஒருவர்தான் வாய் திறந்தார், அதுவும் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்து. "ஐயோ" என்றார். அது பொதுவான துக்கத்தில் சேர்ந்துகொண்டது.

"சார்" என்றார் மெஷின் மாஸ்டர் மெதுவாக. "காயல."

பளபளா ஒரு தாளைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். விரலால் ஒத்தினார். அவள் முகம் விரலோடு வந்துவிட்டது.

"வரும்போது வண்டியில வெயில் படும்படிதானே வெச்சோம்?"

"வெயில்லயும் காயல சார். கஞ்சி ஜாஸ்தியோ?"

"கஞ்சியா, களிமண்ணு அரைச்ச பதமா? கஞ்சின்னா ஓரத்துல இப்படி வராதே. சரி, எதுக்கு வாதம், மேடத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

இரண்டு பேரும் கூடத்தின் பக்கம் திரும்பினார்கள். திரும்பியபடியே நின்றார்கள். பிறகு பளபளா கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எடுத்தபோது வழுக்கை வரைக்கும் கறுப்பு.

"சுவத்துல யாரோ கை வெச்சிருக்காங்க" என்றார் வீட்டுக்காரர் பொதுவாக. "போன மாசம்தான் வெள்ளையடிச்சேன். இப்ப சொல்லக் கூடாதுதான்."

பெரியப்பா எழுந்தார். நேரம் ஆகிக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு ஒரு தலைமை தேவைப்பட்டது. கனைத்துக்கொண்டு மீசையை முறுக்கினார். வெள்ளை மீசையின் வலது பாதி கறுப்பானது. இடது பக்கம் திரும்பி, "என்ன மாப்பிள்ளை, எங்க பொண்ணு உங்களுக்கு என்ன குறை வெச்சா?" என்றபடி அந்தப் பாதியையும் முறுக்கினார். முப்பது வயது குறைந்துபோனது.

வாசல் நிலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்த அழுகை வெடித்துவிட்டது என்று நான்கு பெண்கள் ஓடினார்கள். அழுகையில்லை. மாமியார் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். குலுங்கிக் குலுங்கி, மூச்சு வாங்க, ஓடி வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் பார்த்து மறுபடியும் சிரித்தார்.

"என்னம்மா இது!" என்றார் பெரியப்பா.

"நீங்க பேசாதீங்க மாமா" என்றார் மாமியார். "தயவுசெஞ்சு என் பக்கம் திரும்பாதீங்க."

சொல்லும்போதே மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து, கையை யார் மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீட்டின் பின்பக்கம் குழாயடிக்குப் போனார்.

மையைத் துடைக்க மண்ணெண்ணெய் ஆலை வண்டியிலேயே இருந்தது. மெஷின் மாஸ்டர் எடுத்துக் கொடுத்தார். அவன் பழைய துணி ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

மாமியார் குழாயைத் திறந்து தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்குப் போகவில்லை. இரண்டு உள்ளங்கையும் கறுப்பு. இடுப்பில் செருகியிருந்த தாளில் அவள் முகம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. தடவித் தடவி எடுத்துவிட்டிருந்தார்.

"குடுங்க அத்தை" என்றான்.

கையை நீட்டினார். அவன் துணியை நனைத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அந்தக் காய்ப்பில்தான் மை இறங்கவில்லை.

"ரெண்டு வருஷமா இதைத்தான் பண்ணிட்டிருந்தாளா?"

"ஆமா."

"இது நல்ல பேப்பரா?"

"இல்ல அத்தை."

"அவ பாத்திருந்தா அந்த மொட்டைத் தலையரைக் கிழிச்சிருப்பா."

"ஆமா."

உள்ளே யாரோ, வண்டி வந்துவிட்டது என்றார்கள். மாமியார் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

"நான் என்ன மூணாம் மனுஷியா? நேத்தே சொல்லியிருந்தா பஸ் ஏறியாவது வந்திருப்பேன். உயிரோட ஒரு தடவை பாத்திருப்பேன்ல? உங்களை ஏசணும்னு கேக்கல மாப்பிள்ளை. நல்லதா சொல்லியிருக்கணும்னும் இல்ல. என்ன சொன்னாளோ அதைச் சொல்லுங்க."

அவன் கடைசி விரலைத் துடைத்து முடித்தான். துணியை மடித்தான். அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னான்.

"அம்மாவுக்குப் போன் பண்ணாதீங்க. அடிச்சுப் புடிச்சு பஸ் ஏறி, வழி பூரா வாந்தி எடுத்துக்கிட்டே வரும். காலையில நானே பேசிக்கிறேன்."