பாஸ்டருக்குப் போட்ட சாப்பாடு

"ஓரகத்தி அனுப்பினா உள்ள போகும், நான் அனுப்பினா திரும்பி வருமோ?"

பாஸ்டர் வீட்டு வாசலில் நின்று சியெனி கத்தினாள். இடுப்பில் பானை. சர்க்கரையும் கொக்கோவும் தேங்காய்ப்பாலும் தாராளமாகக் கொட்டிக் காய்ச்சிய கஞ்சி.

பாஸ்டரின் மனைவி மெலே கையெடுத்துக் கும்பிட்டாள். "நேத்து தெபோரா கொண்டுவந்தப்ப நான் மருந்து வாங்கப் போயிருந்தேன்மா. இருந்திருந்தா அதையும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். அவருக்குச் சர்க்கரை ஏறி கால் விரல் ரெண்டை எடுத்தாச்சு. புண்ணு இன்னும் ஆறல."

"சர்க்கரை யாருக்குத்தான் இல்ல? எங்க வீட்டுக்காரருக்குந்தான் இருக்கு, அரைப் பன்றியைத் தின்னுட்டு ஏப்பம் விடுறாரு!"

எங்கள் தீவு ஊரில் பாஸ்டருக்கு நாளுக்கொரு வீட்டுச் சாப்பாடு. எந்த வீடு என்ன போட்டது என்று ஞாயிற்றுக்கிழமை மூப்பர் சபையில் உரக்கச் சொல்வார். அதுதான் கௌரவமாம். மண்ணாங்கட்டி! போன வாரம் ஓரகத்தி தெபோராவின் பன்றிக்குச் சபையே ஆகா என்றது. அன்றிலிருந்து சியெனிக்கு வயிறு எரிகிறது.

உள்ளேயிருந்து பாஸ்டரின் குரல் வந்தது. "கொண்டா சியெனி, சாப்பிடுறேன். உன் மனசு நோகக் கூடாது."

மனிதர் இப்படித்தான். சர்க்கரை ஏறியதிலிருந்தே குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், நிமிடத்துக்கொரு தரம் ஒன்றுக்குப் போனார். காலில் பவளப்பாறைச் சில்லு ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. மரத்துப்போன கால், வலித்தால்தானே? மாத்திரை, தினமும் ஊசி, அளவான சாப்பாடு, நடை என்று நர்ஸ் தலைதலையாய் அடித்துக்கொண்டாள். "நான் ஊசி போடுறேன், ஊரு பானையைக் கவுக்குது. ஊசி என்னத்தைக் கிழிக்கும்?" என்று திட்டியும் பார்த்தாள். ஊர் கேட்டால்தானே!

அவர் இரண்டு கிண்ணம் குடித்தார். சியெனி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து ரசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர் எழுந்ததும் மெலே அவரைத் தடுத்தாள். பாஸ்டரம்மா சபையில் இதுவரை வாயே திறந்ததில்லை.

"இன்னிக்கு நான் சொல்றேன். திங்கட்கிழமை, தெபோரா வீடு. பன்றி, சேப்பங்கிழங்கு, கஞ்சி. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு அவர் விரல்ல குத்திப் பார்த்தேன். சர்க்கரை பத்தொம்பது. நர்ஸ் குடுத்த மிஷின் கணக்குல பத்தைத் தாண்டக் கூடாதாம்."

மெலே கையிலிருந்த தாளில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள்.

"செவ்வாய்க்கிழமை, சியெனி வீடு. கஞ்சி. இருபத்திரண்டு."

இப்படியே சனிக்கிழமை வரை சொன்னாள். ஒரு வீடும் பத்துக்குக் கீழே இல்லை. "வர்ற வியாழக்கிழமை அவர் காலை முழங்காலுக்குக் கீழ எடுக்கப் போறாங்க. நீங்க போட்ட சாப்பாட்டுக்கெல்லாம் ரொம்ப நன்றி."

பெண்கள் விம்மினார்கள். மூப்பர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சியெனியும் அழுதாள், பொய்யாக அல்ல. கண்ணைத் துடைத்துக்கொண்டே புருஷனை முழங்கையால் இடித்தாள்.

"கேட்டீங்களா? ஊரிலேயே நம்ம வீடுதான் அதிகம்."

பின்வரிசையில் அது காதில் விழுந்ததும் தெபோராவின் முகம் சுண்டிப்போனது.