மாசிலாமணி நாற்காலி போட்ட இடம்

கழிமுனை ஊர் அலுவலகத்தில் பதவி உயர்வு என்றால் நாற்காலி கிழக்கே நகரும். சின்ன உயர்வுக்கு ஒரு மேசை நீளம், பெரிய உயர்வுக்கு ஓர் அறை. மாசிலாமணி வேலைக்குச் சேர்ந்தபோது அவருடைய நாற்காலி மேற்குச் சுவரோரம், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த இடத்தில் அவருக்கு ஒரு நாளும் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் முதல் ஆளாக வந்தார், விளக்கை அணைத்துவிட்டுக் கடைசி ஆளாகப் போனார். நாற்காலியும் குதிரை மாதிரி கிழக்கே பாய்ந்தது.

கிழக்குச் சுவர் வந்ததும் கொத்தனாரை அழைத்துச் சுவரை இடித்தார்கள். நாற்காலி தெருவைக் கடந்தது. மீன் மார்க்கெட்டில் கொஞ்ச காலம் இருந்தது. ஏலம் விடுகிறவர்கள் அவருக்குத் தொந்தரவில்லாமல் தணிந்த குரலில் ஏலம் விட்டார்கள். நாற்காலி மணலைத் தொட்ட நாளில் ஊரே கடற்கரைக்குத் திரண்டு மேளம் வைத்தது. அன்றைக்கு மாசிலாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்கப்புறம் கடல்தான். தச்சர் வந்து நாற்காலிக்குக் கால்களை நீட்டிக் கொடுத்தார். ஆழம் கூடக் கூடக் கால்களும் நீண்டன. உட்கார ஏணி வைக்க வேண்டியிருந்தது. பியூன் கோதண்டம் தினமும் காலையில் நீந்தி வந்து, அன்றைய உயர்வுக்கான மாலையைப் போட்டுவிட்டு, நாற்காலியைக் கிழக்கே தள்ளிவிட்டுப் போவார்.

இன்னும் கிழக்கே, தெளிந்த நாட்களில், இயக்குநரின் நாற்காலி ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவருக்கும் உயர்வு வந்துகொண்டிருந்ததால் புள்ளி பெரிதாகவே இல்லை.

மாசிலாமணி வீட்டுக்குப் போய்வரும் தூரம் வளர்ந்தது. படகில் கரை சேர்ந்து, வீட்டு வாசலை மிதித்ததும், திரும்பிப் புறப்பட்டால்தான் அலுவலகத்துக்குச் சரியாக இருக்கும். மனைவி செண்பகவல்லி வாசலிலேயே சட்டையை மாற்றி அனுப்புவாள். மதியச் சாப்பாட்டைச் சவரிமுத்துவின் படகில் அவளே கொண்டுவருவாள். அவள் கிண்ணத்தைத் திறப்பதும் அவர் விழுங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கும்.

அன்றைக்கு அவள் வந்தபோது அவர் ஏணியில் பாதி இறங்கி நின்று துள்ளிக்கொண்டிருந்தார்.

"வல்லி! இன்னைக்குப் பெரிய உயர்வு! காலையில வரல, மதியம் வருதாம். ஒரே தள்ளுல அடிவானத்துக்குப் பக்கத்துல போயிடலாம்!"

"நல்லதுங்க," என்றாள் செண்பகவல்லி. "அப்ப இதுதான் நான் கொண்டுவர்ற கடைசிச் சாப்பாடு. நிதானமாச் சாப்பிடுங்க."

"ஏன்?"

"இதுக்கு மேல நீரோட்டம் இழுக்குது சார்," என்றார் சவரிமுத்து. "என் படகு போகாது. உங்களையும் கூட்டிட்டு வர முடியாது."

மாசிலாமணி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். செண்பகவல்லி பின்னாலேயே ஏறிக் கைப்பிடியில் உட்கார்ந்தாள். வாழையிலையில் சோறு, முருங்கைக்காய்க் குழம்பு, மொறுமொறுவென்று நெத்திலி வறுவல். கடைசிச் சாப்பாடு என்பதால் அவர் மென்று தின்றார். மென்றபோது குழம்பில் கொஞ்சம் மாங்காய் இருப்பது தெரிந்தது.

"மாங்காய் போட்டிருக்கே."

"எப்பவும் போடுறதுதாங்க."

அவர் இன்னொரு வாய் எடுத்தார். காற்று வந்தது. காலடியில் ஒரு ஆமை போனது, அவசரமில்லாமல். நாற்காலி ஆடவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த இடத்தில்தான் நாற்காலி ஆடவில்லை என்று அவருக்குத் தோன்றியதும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மணலைத் தொட்ட நாளில்கூட இப்படி அடிக்கவில்லை.

அப்போது கோதண்டம் வந்துவிட்டார். பெரிய மாலை, தலையில் சுற்றியிருந்தது. கரையில் கூட்டம் மேளத்தோடு தயாராக நின்றது.

"கெட்டியாப் பிடிச்சுக்குங்க சார். இது பெரிய தள்ளு."

"வேண்டாம் கோதண்டம்," என்றார் மாசிலாமணி. "எனக்கு இது போதும்."

செண்பகவல்லி இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் வேட்டியிலும் விழுந்தது.

"அப்ப உயர்வை என்ன சார் பண்றது? கொண்டு வந்தாச்சே. திருப்பி எடுத்துட்டுப் போக வழியில்லையே."

"அது போகட்டும்."

கோதண்டம் யோசித்தார். பிறகு மாலையைத் தண்ணீரில் வைத்து, இரண்டு கைகளாலும் ஒரு தள்ளுத் தள்ளினார். உயர்வு யாரும் இல்லாமலே கிழக்கே புறப்பட்டது. அலைகளைத் தாண்டித் தாண்டி, நல்ல வேகம். இயக்குநரை முந்திக்கொண்டு அடிவானத்துக்குள் போய் மறைந்தது. கரையில் மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு வாசித்தார்கள். அன்றைக்கு அவர்கள் வாசித்ததுபோல் கழிமுனையில் யாரும் கேட்டதில்லை. சவரிமுத்து துடுப்பைத் தூக்கித் தூக்கி ஆட்டினார். மாசிலாமணி சிரித்ததில் நெத்திலி புரையேறி, செண்பகவல்லி தலையில் தட்டினாள்.

"மிச்சத்தையும் தின்னுங்க," என்றாள். அவளும் ஒரு நெத்திலியை எடுத்துக்கொண்டாள். கோதண்டமும் ஏணியில் ஏறி வந்து கையை நீட்டினார்.

வேலை முடிந்ததும் மூவரையும் ஏற்றிக்கொண்டு படகு கரைக்குத் திரும்பியது. மாசிலாமணி வெளிச்சம் இருக்கும்போதே வீட்டு வாசலை மிதித்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நெடுநாளைக்குப் பின் அந்த ஆணிக்கு ஒரு சட்டை. இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். இன்னொரு தடவையும் குடித்தார்கள்.

வெளிச்சம் அப்படியே இருந்தது. செண்பகவல்லி கொல்லைப்புறம் போய்ப் பார்த்தாள். சூரியன் தென்னந்தோப்புக்கு ஒரு முழம் மேலே வந்து, இறங்காமல், சௌகரியமாக நின்றுகொண்டிருந்தது.

அவள் உள்ளே வந்து அரிசி மாவை எடுத்தாள்.

"என்னங்க, அந்தப் பழைய வேட்டியை மாடியில விரிங்க. வெயில் இருக்கறப்பவே வடாம் பிழிஞ்சுடலாம்."