உள்ளே நின்ற ஆட்கள்

“அதைத் தேடி எடுக்கிற ஆளு லீவும்மா. அடுத்த வாரம் வாங்க” என்றார் திருநெல்வேலி ஆஸ்பத்திரி ஆய்வகக் குமாஸ்தா சீனிவாசகம். பத்திரகாளி நகரவில்லை. போன வருடம் இங்கேதான் அவள் பெருங்குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்தார்கள். அதில் ஒரு துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்கள். இப்போது ஈரலில் இரண்டு இடத்தில் வந்துவிட்டது. “ஈரலுக்குப் போயிட்டா அம்புட்டுத்தான்” என்று அவள் ஊரான எம். புதுப்பட்டியில் அவள் காதுபடவே பேசினார்கள். மதுரை டாக்டர் ஜெஸ்லின் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அந்தத் துண்டை வாங்கி வாருங்கள், நோயை எதிர்க்கும் உடம்பின் காவல் அணுக்கள் பழைய கட்டிக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கின்றன என்று பார்க்கவேண்டும், ஈரலை அறுப்பதா மருந்தோடு நிறுத்துவதா என்பதை அதையும் வைத்துத்தான் முடிவுசெய்யலாம் என்றார்.

“ஐயா, அது என் வயித்துல இருந்து எடுத்தது. எம்புட்டு நேரமானாலும் இங்கனயே இருக்கேன். நீங்க பாருங்க.”

கெஞ்சல் இல்லை. பட்டாசுக் கம்பெனி பேக்கிங்கில் முப்பது பேரை வேலை வாங்கிய குரல் அது. மதியம் இரண்டு மணிக்குச் சீனிவாசகம் சட்டையெல்லாம் தூசியோடு வந்து, பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு வில்லையை அவள் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை மெழுகின் நடுவே நகத்தளவு பழுப்பு. இதுவா என்னைப் படுக்கப் போட்டது என்று அதையே பார்த்தாள்.

“வெயில்ல வைக்காதீக. உருகிரும்.”

அதை அவளுக்கா சொல்லவேண்டும்? கத்திரி வெயிலில் எது பொறுக்கும், எது பொறுக்காது என்று தெரியாமல் பட்டாசு செய்யும் அவள் ஊரில் யாரும் பிழைக்க முடியாது. மதுரை பஸ்ஸில் காலியாக இருந்தது வெயில் விழும் பக்கம்தான். வில்லையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி கோவில்பட்டி வரை நின்றே வந்தாள். சாத்தூரில் ஏறிய ஒருத்தி, “என்னக்கா, முட்டையா?” என்று கேட்டாள்.

“அப்படித்தான் வச்சுக்கோ.”

பத்து நாள் கழித்து ஜெஸ்லின் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். விளிம்பிலும் நடுவிலும் பழுப்புப் புள்ளிகள் அப்பிக்கிடந்தன.

“ஒவ்வொரு புள்ளியும் காவல் அணு. நிறைய பேருக்கு இது கட்டிக்கு வெளியவே நின்னுரும். உங்களுக்கு உள்ள புகுந்திருக்கு.”

“இம்புட்டும் நம்ம ஆளுகளா டாக்டரம்மா?”

“உங்க ஆளுகதான். திரும்ப வராதுன்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா இப்படி இருக்கிறவங்க நல்லா தேறி வர்றாங்க. ஈரல் ஆபரேசனைத் தைரியமாப் பண்ணலாம்.”

கணவன் ஊர்க்காவலன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். பத்திரகாளி திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. ஊரே அவள் கதை முடிந்தது என்கிறது; அவளுக்கே தெரியாமல் உள்ளே இத்தனை பேர் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். அவளுக்கு அவர்களிடம் ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது.

ஆவணியில் ஈரலில் கால்வாசியை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வார்டை மூன்று சுற்று நடந்தாள். பங்குனியில் எடுத்த ஸ்கேனில் புதிதாக ஒன்றுமில்லை. வெட்டிய ஈரல் மறுபடி வளர்ந்திருந்தது.

திரும்பும் வழியில் விருதுநகரில் இறங்கினார்கள். “இட்லி கிடைக்குதான்னு பாப்பம்” என்றான் ஊர்க்காவலன்.

“எதையும் சாப்பிடலாம்னு டாக்டரம்மா சொன்னதை நீங்களும்தான கேட்டீக?”

அவள் நுழைந்த கடையில் பெரிய கல்லில் எண்ணெய் பொங்க, பரோட்டா முறுகிச் சிவந்துகொண்டிருந்தது. பத்திரகாளி இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, மாஸ்டரைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினாள்.