டிரங்க் கால் சுலோசனாவின் நெய்வேலி முடிவு

சண்டையை ஆரம்பித்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2012ஆம் வருடம். ஃபேஸ்புக்கில் 'பழைய தொடர்கதை வாசகர்கள்' என்று ஒரு குழு. வார இதழில் வந்த தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, தெரு முழுக்க இரவல் கொடுத்துப் படித்த தலைமுறை அங்கே வந்து கூடியிருந்தது. ஒருவர் பழைய பசை வாசனையைப் பற்றி எழுதுவார். இன்னொருவர், அத்தியாயத்தின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்த கூந்தல் தைல விளம்பரம் இன்னும் மனப்பாடம் என்பார். சரியான இடத்தில் 'தொடரும்' போட இப்போது யாருக்குத் தெரிகிறது என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், அதற்கு நாற்பது பேர் சேர்ந்து பெருமூச்சு விடுவார்கள். நானும் விடுவேன்.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் நர்ஸ். அப்போது வயது நாற்பத்தாறு. தனிக்கட்டை. காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஆறு மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. குழுவை நடத்திய சேலம் ராஜேந்திரன் சார் ஒரு வாதத்தைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விடும். மின்சாரம் தயாரிக்கிற எங்கள் டவுன்ஷிப்பில் ஏது மின்வெட்டு? அதனால் எல்லா வாதத்திலும் கடைசி வார்த்தை என்னுடையதாகவே இருந்தது. அது என் திறமை என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ராஜேந்திரன் சார் ஒரு படம் போட்டார். காதில் கருவி மாட்டிய பெண். எதிரே வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பலகை. 'டிரங்க் கால் சுலோசனா' தொடர், 1976. முடிவைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டிருந்தார். பத்தொன்பது வயதில் நான் படித்த கதை. அதற்குள் கீழே வரிசையாக வந்து விழுந்தன: 'என்ன சுகமான முடிவு!' 'அந்தக் கல்யாணக் காட்சியை எத்தனை தடவை படித்திருப்பேன்!'

எந்தக் கல்யாணம்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று எழுதினேன். 'சுலோசனா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வேலையை விடச் சொன்ன ரகுராமனிடம் அவன் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டூட்டிக்குப் போகிறாள். கதையைப் படிக்காமலே கருத்துச் சொல்கிறவர்கள் இந்தக் குழுவிலும் பெருகிவிட்டார்கள்.'

மேடம் வேறு கதையோடு குழப்பிக்கொள்கிறார் என்றார் ஒருவர். 'கரண்ட் மாதிரி முடிவும் நெய்வேலிக்கு மட்டும் தனியா மேடம்?' என்று கேட்டார் இன்னொருவர். அதற்கு எண்பது பேர் லைக். விட்டுக்கொடுக்கிற ரகமா நான்? இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் ராஜேந்திரன் சார் கடைசி அத்தியாயத்தின் அச்சுப் பக்கங்கள் நான்கைப் படம் பிடித்துப் போட்டார்.

படித்தேன். கல்யாணத்தன்று காலையில் ரகுராமன் எக்ஸ்சேஞ்சுக்கு வருகிறான். சுலோசனா கொடுத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போடுகிறான். 'நீ வேலைக்குப் போ. நான் யோசித்துவிட்டேன்' என்கிறான். நாதஸ்வரம். முற்றும்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். குழுவில் மூக்குடைந்ததற்காக இல்லை. காரணம் வேறு.

1985இல் எனக்குச் சென்னையில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. அதே வாரம் சேத்தியாத்தோப்பிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை செல்வகுமார், இங்கே நிலக்கரி மைன்ஸில் ஃபிட்டர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இன்றைக்கும் அதைச் சொல்ல வெட்கமில்லை. 'படிப்பெல்லாம் எதுக்குங்க, நான் பாத்துக்கிறேன்' என்று அவர் சொன்னதுகூட அன்பாகத்தான் இருந்தது. என் அப்பா தனகோட்டி பக்கத்து வடக்குத்துக் கிராமத்தில் ஊரார் நிலத்தில் கூலி வேலை பார்த்து, மைன்ஸில் கான்ட்ராக்டில் சேர்ந்து, பர்மனென்ட் ஆகி எங்களைக் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவந்தவர். எதையும் திணிக்க மாட்டார். "ஒரு வாரம் யோசிச்சிகினு சொல்லும்மா. வூட்ல யாரும் உன்ன அவசரப்படுத்த மாட்டாங்க" என்றார்.

அந்த ஒரு வாரத்தில்தான் பக்கத்து வீட்டுக் காந்திமதி அக்காவிடம் வாங்கிய பைண்டு புத்தகத்தைப் படித்தேன். அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கணவர் ஆபீஸில் கிளார்க். அக்காவின் அலமாரிதான் எங்கள் பிளாக்கின் நூலகம். புத்தகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் கோடு போட்ட தாளில் நீல மையில் இருந்தது. மேலே, 'கடைசி இதழ் கிழிந்துபோனதால் கையால் எழுதிச் சேர்த்தது' என்று ஒரு குறிப்பு. அச்சைப் பார்த்து எழுதிய நகல் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? படித்து முடித்த அன்றே செல்வகுமார் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் அமையவில்லை. நானும் தேடவில்லை. நிஜமான முடிவை அன்றைக்குப் படித்திருந்தால் இன்னும் பத்து நாள் பொறுத்திருப்பேன். செல்வகுமாரும் வந்து, நீ படி என்று சொல்லியிருக்கலாம். யாரோ எழுதிய பொய்யைப் படித்துவிட்டு ஒரு ஆளையே வாழ்க்கையிலிருந்து தள்ளிவிட்டேனே! இரண்டு நாள் வார்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

அப்புறம் குழுவில் ஒரு கமென்ட். 'வெண்மதி அக்கா சொல்வது பொய் இல்லை. நானும் அந்த முடிவைத்தான் படித்தேன். பச்சை காலிகோ துணி அட்டை, கடைசியில் கோடு போட்ட தாள், நீல மை.' எழுதியவள் சத்யா. எங்கள் எதிர்வரிசை அமிர்தம் டீச்சரின் மகள். இப்போது ஓசூரில் இருக்கிறாள். காந்திமதி அக்கா கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருப்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நம்பர் வாங்கினேன். மறுநாள் எனக்கு வீக்லி ஆஃப். காலை பத்து மணிக்கு, கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் மனதில் அடுக்கி வைத்துக்கொண்டு போன் போட்டேன்.

"அக்கா, நான் வெண்மதி. தனகோட்டி பொண்ணு, உங்க பக்கத்து வூடு."

"நர்ஸுக்குப் படிக்கப் போன வெண்மதியா? ஏ புள்ள, நல்லா இருக்கியா?"

நலம் விசாரிக்கிற பொறுமை எனக்கு இல்லை. "டிரங்க் கால் சுலோசனா கடைசி இதழ் நெஜமாவே கிழிஞ்சுபோச்சாக்கா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "கிழியலை. நான்தான் கிழிச்சேன்."

"எதுக்கு?"

"அறுபத்தெட்டுல எனக்கு அம்பாசமுத்திரம் பக்கத்துல டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. நெய்வேலிக்குப் போய் செட்டில் ஆவோம், அப்புறம் யோசிச்சுச் சொல்றேன்னாங்க எங்க வீட்டுக்காரங்க. ரெண்டாயிரத்து ஒம்பதுல போய்ச் சேந்தாங்க. அதுவரைக்கும் யோசிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க. நல்ல மனுஷன், குத்தம் சொல்லலை. ஆனா அந்தக் கதையில அவன் விடிஞ்சதும் வந்து, நான் யோசிச்சுட்டேன், நீ வேலைக்குப் போங்கறான் பாரு. எனக்கு அப்பிடி ஒரு கோவம் வந்துச்சு. யாரு வந்து சொன்னா? எனக்கு யாரும் வந்து சொல்லலை. கிழிச்சுப் போட்டுட்டு நானே எழுதினேன்."

"நான் எழுதினதுன்னே போட்டிருக்கலாமே?"

"நான் எழுதினதுன்னா யாரு படிப்பா?"

அது நியாயம்தான். ஆனாலும் கோபம் போகவில்லை. சொல்லியே விட்டேன். "அதைப் படிச்சிட்டுத்தான்க்கா நான் செல்வகுமாரை வேணாம்னு சொன்னேன்."

"அந்த சேத்தியாத்தோப்புப் பையனையா?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியாதே புள்ள. நான் என் ஆத்திரத்துக்கு எழுதினது. ரொம்பக் கஷ்டப்பட்டியா?"

"சில சமயம்" என்றேன்.

"வேலை?"

"அது புடிச்சிருக்குக்கா. அதுல ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அக்கா பெருமூச்சு விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது புத்தகங்கள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டனவாம். "நான் எழுதின ஒண்ணே ஒண்ணு அதுதான். அதுவும் போச்சு. உனக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

ஏதாவதா? இருபத்தேழு வருடமாக வரி வரியாக என்னிடம் இருக்கிறது. சொன்னேன். "சுலோசனா கடிதத்தை மடித்து ரகுராமன் கையில் கொடுத்தாள். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எக்ஸ்சேஞ்சில் அவளுடைய பலகையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, 'நம்பர் ப்ளீஸ்' என்றாள்."

"நடுவுல விட்டுட்டியே."

"இல்லக்கா. எனக்கு மனப்பாடம்."

"பஸ்ல அழுவாளே? ஏறினதுலேருந்து எறங்கற வரைக்கும் அழுவா. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். கண்டக்டர் பாத்துட்டு, டிக்கெட் கேக்காம தாண்டிப் போயி, கடைசியில வந்து கேப்பான். அது எழுதும்போது நானும் அழுதேன்."

எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு பக்கம் நினைவுக்கு வரவில்லை. அச்சை மாற்றிவிட்டார் என்று நான் யாரோடு சண்டைக்குப் போனேனோ, அவர் எழுதியதை நானும் மாற்றியிருக்கிறேன். பெட்டியும் கையுமாகச் சென்னை பஸ்ஸில் ஏறிய அன்று பண்ருட்டி தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுலோசனா அழவில்லை, நீயும் அழக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். செல்வகுமாருக்காக அன்றும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை.

"நீ அந்தப் பக்கத்தை எடுத்துட்டே போல" என்றார் அக்கா. குரலில் குறை இல்லை. "இருக்கட்டும்."

"அக்கா, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்லுங்க. முழுசா சொல்லுங்க."

"எனக்கு வரி வரியா வராது புள்ள. கதையாச் சொல்றேன்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். பஸ் கிளம்பியது. சுலோசனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனான். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அக்காவுக்குக் கேட்டிருக்கும். அவர் நிறுத்தவில்லை, சொல்லிக்கொண்டே போனார்.