சைபுல்லா வைக்காத நோன்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் கிடைத்தது. 2009, மாசி மாதம், கோயம்புத்தூர். மைத்துனருக்கு மூட்டு ஆபரேஷன். நான் துணைக்குப் போனவன். துணைக்குப் போனவன் செய்கிற ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தேன், அதாவது இட்லி தின்றுகொண்டிருந்தேன். எதிரே இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் கேட்டார்: "சட்னியில தேங்கா தூக்கலுங்களா, கடலை தூக்கலுங்களா?"

தேங்காய் என்றேன். அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். அவர் முன்னால் ஒரு டம்ளர் மோர் மட்டும் இருந்தது. மறுநாள் அவருக்கு இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன். என் இட்லி முடிவதற்குள் பாதிக் கதையைச் சொல்லிவிட்டார். மீதிக்காக நான் ஒரு தோசை சொல்ல வேண்டியதாயிற்று.

சைபுல்லா என்று பெயர் வைத்திருக்கிறேன். (பெயரைத்தான் மாற்றினேன், உடம்பை மாற்றவில்லை. ஒல்லியான நாயகன் என்றால் கை தானாக ஓடும். ஆனால் அது இவருக்குச் செய்கிற துரோகம்.)

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"மேகம் தவழும் கொல்லிமலையின்—" வேண்டாம். சுற்றுலா விளம்பரம்.

"சைபுல்லாவின் எடை—" எண்ணைச் சொன்னால் நீங்கள் எண்ணையே பார்ப்பீர்கள், ஆளைப் பார்க்க மாட்டீர்கள்.

"சைபுல்லாவுக்குப் பசித்தது." சுத்தப் பொய். பசி என்றால் என்னவென்று அவருக்கு ரமலானில்தான் தெரியும். மற்ற மாதங்களில் பசி வருவதற்கு முன்பே கை இலைக்குப் போய்விடும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். சைபுல்லா கொல்லிமலை அடிவாரத்து மிளகு வியாபாரி. தை, மாசியில் ஜீப்பில் ஏறி, மலைமேல் எடப்புளி நாட்டு வீடுகளில் மிளகு வாங்குவார். அங்கே மாணிக்கம், சென்னம்மாள் என்ற தம்பதியின் வீட்டில் ஒரு வழக்கம். வந்தவர் சாப்பிடாமல் விலை பேச மாட்டார்கள்.* இலையில் கை வைத்த பிறகுதான் தராசு வெளியே வரும். ஜீப் சத்தம் கேட்டதும் மாணிக்கம் சேவலைப் பிடித்துவிடுவார். அவர் பிடித்துக்கொள்ள, பிஸ்மில்லா சொல்லி அறுப்பது சைபுல்லா. பாய் தின்னக்கூடிய கறி எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த வீட்டார் தாங்களாகவே வகுத்துக்கொண்ட முறை இது.

(* இதை மலைக்கே பொதுவிதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரிந்தது ஒரு வீடு. கதைக்கு ஒரு வீடு தாராளம்.)

3

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரல் சுருங்க வேண்டும், அதனால் மோர், இளநீர், வடிகட்டிய சூப் தவிர எதுவும் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. முதல் தடவை சைபுல்லா காப்பாற்றவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் நான் கத்தி எடுக்க மாட்டேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் மனைவி அதீபா, தூக்கத்தில் அவர் மூச்சு நின்று நின்று வருவதைக் கேட்டபடி உட்கார்ந்தே விடியவைக்கிறவள். அப்படிப்பட்ட ஆள், இரண்டாவது தேதிக்குச் சில நாள் முன்னால், இலை போட்டுக் காத்திருக்கும் வீட்டுக்கு எதற்காகப் போகிறார்?

தின்னத்தான் போனார் என்று எழுதினேன். பிறகு கேன்டீனில் அவர் சொன்ன பதில் நினைவுக்கு வந்து அடித்துவிட்டேன்.

"மயக்க மருந்து குடுத்து, எந்திரிக்காமயே மவுத்தாயிட்டன்னா? அவங்க மொகத்த ஒரு தடவ பார்த்துட்டு வந்தரலாம்னுதானுங்க."

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் திரும்பத் திரும்ப, அவருக்குள்ளும் ஒரு கேள்வி திரும்பிக்கொண்டிருந்தது. ரமலான் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நோன்பு வைக்கிறவனுக்கு வயிற்றை எதற்கு அறுக்க வேண்டும்? மனம் வைத்தால் முடியாதா? அப்படியானால் மனமே இல்லாத ஆளா நான்? இதே வளைவுகளில் ஜீப்பை ஓரங்கட்டி, பரோட்டாப் பொட்டலத்தை மடியில் பிரித்து, யாரும் வருகிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாக விழுங்கியது எத்தனை முறை! அவமானத்தோடு தின்றால் ருசிகூடத் தெரியாது என்றார். எனக்குத் தோசை இறங்கவில்லை.

4

"வாங்க பாய் தம்பி, இலை அறுத்து வெச்சிருக்கறன்" என்று சென்னம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். மாணிக்கத்தின் கக்கத்தில் சேவல்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"இன்னிக்கு நோம்புங்க அக்கா."

"நோம்பு முடிஞ்சு நாலஞ்சு மாசமாச்சேங்க?" என்றார் மாணிக்கம்.

"ஒண்ணு விட்டுப் போச்சுங்கண்ணா. அதத் திருப்பி வெக்கறன்."

தப்பித்துவிட்டோம் என்று நினைத்தார். முகம் பார்த்தாயிற்று, இரண்டு வார்த்தை பேசிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் சென்னம்மாள் அடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்துவிட்டாள்.

"அப்பப் பொழுது விழுந்து தின்னுட்டுத்தான் போகோணும். பட்டினி கெடக்கற மனுசனுக்கு முன்னால நாங்க திங்கறதும் குடிக்கறதுமுங்களா? எல்லாரும் பொறுத்துக்கறோம்."

(பொய்க்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எழுதும்போது நானும்தான்.)

சாயங்காலம் சேவலை அறுக்கும்போது பிஸ்மில்லா சொல்ல நாக்குக் குளறியது. குழம்பு கொதிக்கத் தொடங்கியது. சாமைச் சோறு வேகும் வாசனை வேறு. பொழுது விழுந்தால் இலை நிறையும். இலை நிறைந்தால் கை நிற்காது. கை நிற்காவிட்டால் கோயம்புத்தூரில் கதவு மூடிவிடும். இது அவருக்கு நன்றாகவே தெரியும். எழுந்து பின்பக்கம் மிளகுக்கொடி பார்ப்பதுபோல நடந்தார்.

அங்கே மருமகள் கலைமணி நின்றிருந்தாள். கைக்குழந்தைக்காரி. இவருக்கு முதுகைக் காட்டி, சுவரோடு ஒண்டிக்கொண்டு, சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

அந்தப் பார்வையைச் சைபுல்லாவுக்குத் தெரியும். உலகத்தில் தனக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த பார்வை அது. பால் கொடுக்கிற ஒரு பெண், இவர் சொன்ன பொய்யினால், வெறும் தண்ணீரை ஒளிந்து குடிக்கிறாள்.

5

இந்த இடத்துக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) பொழுது விழுகிறது. சைபுல்லா பேசாமல் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்கிறார். டாக்டர் திருப்பி அனுப்புகிறார். (சோகம் என்றால் பத்திரிகையில் உடனே போடுவார்கள். ஆனால் இந்த மனிதர்கள் யாரும் அந்தச் சோகத்துக்கு ஒத்துவரவில்லை.)

ஆ) அவசரமாகப் போன் வந்ததாகச் சொல்லி இறங்கிவிடு— (மலைமேல் சிக்னல் கிடையாது. மாணிக்கமே நம்ப மாட்டார்.)

இ) நடந்தது.

6

நேராக அடுப்படிக்கு வந்து நின்றார். "நோம்பு இல்லீங்க அக்கா. பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஆபரேஷன், கல்லீரல், திருப்பி அனுப்பியது, வளைவில் தின்ற பரோட்டா வரைக்கும்.

சென்னம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"எங்க சோத்தாலதான் இப்புடி ஆச்சுங்களா தம்பி?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் பொய்யே சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"அய்யோ இல்லீங்க அக்கா. நாலு பேரோட உக்காந்து, வெக்கமில்லாம நான் தின்னது உங்க ஊட்லதானுங்க. மத்ததெல்லாம் திருட்டுத்தனமாத் தின்னது. ஒரு நாளாவது என் ஒடம்பப் பார்த்து நீங்க சிரிச்சதில்ல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். அதையே சொல்லாம என்னமோ உளறிட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

மாணிக்கம் தோள் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். "இதச் சொல்றதுக்கு இத்தன நேரமுங்களா சாமி? கலைமணி, மொதல்ல நீ உக்காரு கண்ணு."

எல்லாருக்கும் இலை போட்டார்கள். சைபுல்லாவுக்கு இலை இல்லை. மிளகு தட்டிப் போட்டு எலும்பை வேகவைத்த சாற்றைச் சென்னம்மாள் வெள்ளைத் துணியில் வடிகட்டி, டம்ளரில் கொடுத்தாள். இடம் மட்டும் பழைய இடம், மாணிக்கத்துக்குப் பக்கத்தில்.

"நோம்புல முடியுது. இது முடியலையே, அது ஏனுங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

கலைமணி வாயில் சோற்றோடு சொன்னாள்: "அது ஊரே சேந்து வெக்கறதுங்க. இது நீங்க ஒண்டியாத்தான வெக்கறீங்க."

சுற்றிலும் ஐந்தாறு வாய்கள் பசியோடு மென்றுகொண்டிருந்தன. அவர் சாற்றை மெதுவாகக் குடித்தார். குடிக்கும்போது யாருக்கும் முதுகைக் காட்டவில்லை. மிளகின் காரம் தொண்டையில் இறங்குவதை வெகுநாள் கழித்து ருசித்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போதே கேன்டீனில் அவர் கண் கலங்கியது. நன்றியில் கலங்கும் கண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை, அதனால் அதை எப்படி எழுதுவது என்று எனக்கு—

டம்ளர் காலியாயிற்று. சென்னம்மாள் எழுந்து வந்தாள். அந்த வீட்டில் "வேணுமா" என்று கேட்பது மரியாதைக் குறைவு. இத்தனை வருடங்களில் அவள் கேட்டதில்லை, போட்டுக்கொண்டே இருப்பாள். அன்று கரண்டியை டம்ளருக்கு மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா தம்பி, போதுங்களா?"

கேன்டீனில் இந்த வரியோடு நர்ஸ் வந்து அவரைக் கூப்பிட்டுவிட்டார். கையை நாற்காலியில் ஊன்றி எழுந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடந்தார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஆபரேஷன் எப்படி ஆயிற்று என்று விசாரிக்கவும் துணியவில்லை. நல்லபடியாக ஆகியிருக்கும் என்றே இருக்கிறேன்.

சென்னம்மாளுக்கு அவர் சொன்ன பதிலை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இன்னொரு டம்ளர் குடித்தாலும் டாக்டர் கணக்கில் தப்பில்லை, அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் வாழ்நாளில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. முதல் தடவையாக ஒருவர் கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, நடுவில் புகுந்து பதில் சொல்ல நான் யார்?

கரண்டி இன்னும் அந்தரத்தில்தான் நிற்கிறது. ஊற்றச் சொல்வதோ போதும் என்பதோ, அந்த அம்மாளுக்குக் கை வலிப்பதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள்.