இறக்கத்தில் எரியும் விளக்கு

பெட்டியின் மூடியில் நான்கு திருகுகள் இருந்தன. மூன்று உண்மையானவை. நான்காவது, அழகுக்காகப் பசை வைத்து ஒட்டியது. அதைத் திருகப்போய்த் தலை மட்டும் கையோடு வந்தபோது, பெட்டியைச் செய்தவனைப் பற்றி ஒதிலி மேற்கொண்டு எதையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. செய்தவன் அவள் கணவனின் தம்பி மினோர். இருபது வருடமாகத் தெரிந்தவன்தான். மூடியின் மேல் வெள்ளி எழுத்தில் ‘அறிவுள்ள பிரேக்’ என்று எழுதி, கீழே ஒரு பதக்கத்தின் படத்தையும் அச்சிட்டிருந்தான். வெளிநாட்டில் நடந்த கண்டுபிடிப்பாளர் கண்காட்சியில் வாங்கியது. அந்தக் கண்காட்சியில் வாசல் சீட்டு வாங்கிய எல்லோருக்கும் பதக்கம் கொடுத்திருப்பார்கள் என்பது ஒதிலியின் கணிப்பு.

கோஸ்தா ரிக்காவின் கார்த்தாகோ நகரத்துப் பேருந்துக் கூட்டுறவில் மின்பட்டறை அவள் பொறுப்பு. அதற்கு முன் பதினொரு வருடம் பிராசசர் சோதிக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். நல்ல சிப்பைத் தேர்ந்தெடுப்பது அங்கே வேலையில்லை, கெட்டதைப் பிடிப்பதுதான் வேலை. சிப்பைச் சூடாக்கு, குளிர வை, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறை, கொஞ்சம் கூட்டு, எந்த இடத்தில் பொய் சொல்லத் தொடங்குகிறது என்று பார். எல்லாமே எங்கோ ஓரிடத்தில் பொய் சொல்லும். ஆலையில் சோதனைப் பிரிவை மூடி அவளை அனுப்பினார்கள். அந்தப் பார்வை மட்டும் அவளோடு வந்துவிட்டது. அதை மனிதர்கள் மேல் திருப்ப அவளுக்குப் பெரிய பயிற்சி ஏதும் தேவைப்படவில்லை.

மினோர் காப்பிக் குவளையோடு உள்ளே வந்தான்.

“அண்ணி, பிரிச்சுட்டீங்களா? சீல் வச்சிருந்தேனே!”

“சீலா அது? பல்லு விளக்குற பேஸ்ட்டு பிதுங்கியிருக்குன்னு நெனச்சு தொடச்சுட்டேன்.”

“உள்ள இருக்கிற பிராசசரைப் பாத்தீங்களா? நொடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் அடி எடுத்து வைக்கும்.”

“எங்க போறதுக்கு?”

அவன் சிரித்தான். அவமானம் உறைக்காத மனிதர்களுக்கு இருக்கும் வெள்ளைச் சிரிப்பு. அவளுக்கு அவனிடம் மிகவும் பிடிக்காதது அதுதான்.

பெட்டியின் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. அதையும் அவள் ஒத்துக்கொண்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு. மலைச்சாலையில் பழகிய ஓட்டுநர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரமாட்டார். மிதித்தால் பிரேக் சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போகும். அதனால் கியரைக் குறைத்துப் போட்டு, என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விடுவார். வண்டியின் வேகம் குறையும். ஆனால் பின்னாலிருக்கும் சிவப்பு விளக்கு மிதிகட்டையோடு கட்டப்பட்டது, கால் படாவிட்டால் அது எரியாது. பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது, வந்து மோதுவான். போன வருடம் மட்டும் கூட்டுறவின் பேருந்துகள் மூன்று இப்படிப் பின்னால் அடி வாங்கின. மிதித்தாலும் சரி, மிதிக்காமல் வேகம் குறைந்தாலும் சரி, விளக்கு எரிய வேண்டும் என்று மினோர் கிளம்பினான். பாதி வழி வரை சரியான யோசனை.

மீதிப் பாதியை அவன் ஒரு சிப்பிடம் விட்டுவிட்டான். பச்சைப் பலகையின் நடுவில், மிளகைவிடச் சிறிய கறுப்புச் சில்லு ஒன்று இருந்தது. அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சிலிக்கன் எடை ஒன்று சிலிக்கன் வில்களில் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி வேகம் குறைந்தால் அந்த எடை முன்பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து பிராசசருக்குச் சொல்லும். அவள் கணவன் எலாதியோ ஓட்டும் பேருந்தில் கண்ணாடிக்குக் கீழே தொங்கும் ஜெபமாலை செய்கிற வேலைதான். பிரேக் பிடித்தால் மாலை முன்னால் போகிறது.

ஆனால் வண்டி இறக்கத்தில் ஒரே சீரான வேகத்தில் போனாலும் மாலை முன்பக்கம் சாய்ந்துதான் தொங்கும், ஏனென்றால் சாய்ந்திருப்பது பேருந்து. உள்ளே கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு, வேகம் குறைகிறதா, மூக்கு கீழே சாய்கிறதா என்று எந்தக் காலத்திலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சில்லு கண்ணைக் கட்டிய ஆள். பிராசசர், அந்த ஆள் சொல்வதை நொடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் தடவை நம்புகிற இன்னோர் ஆள். நூறடி போனால் எட்டடி இறங்கும் சாலையில், அந்தச் சாய்வு பிரேக்கை லேசாக மிதித்ததற்குச் சமமாகத் தெரியும். விளக்கு எரியும். இறக்கம் முடியும்வரை எரிந்துகொண்டே இருக்கும். உண்மையாகவே மிதிக்கும்போது அதற்கு மேல் எரிய அதனிடம் ஒன்றும் மிச்சமிருக்காது. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பிரேக் அறுந்து, கியரும் விழாமல், பேருந்து தலைதெறிக்கக் கீழே உருண்டால் அந்த எடை எந்தப் பக்கமும் நகராது. வண்டியோடு சேர்ந்து அதுவும் விழுந்துகொண்டிருக்கிறதே. சமதரையில் நிம்மதியாக நிற்கிறோம் என்று சில்லு சொல்லும்.

“எங்க வச்சு சோதிச்சே?” என்று கேட்டாள்.

“பழைய விமான ஓடுதளத்துல. ரெண்டு கிலோமீட்டர், தட்டையா, பலகை மாதிரி. எரநூறு தடவை ஓட்டிப் பாத்தேன் அண்ணி. ஒரு தடவைகூடத் தப்பல.”

கோஸ்தா ரிக்காவில் தட்டையான இடம் என்று எண்ணினால் கால்பந்து மைதானங்களும் அந்த ஓடுதளமும்தான். கிடைத்த அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து இருநூறு தடவை ஓட்டியிருக்கிறான். ஒதிலிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. சக்கரத் தண்டில் ஒரு காந்தம், எதிரே அதைக் கண்டால் துடிக்கும் ஒரு சில்லு, அவ்வளவுதான் வேண்டியது. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி கூடினால் வண்டி மெதுவாகிறது. மலை எப்படிச் சாய்ந்தால் அதற்கென்ன? அரை நாள் வேலை. சொல்ல வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் கூட்டுறவின் தலைவர் தோன் அபெலார்தோ பட்டறைக்குள் வந்தார். அவள் வாய் திறந்திருப்பதைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் மேலே தூக்கிவிட்டார்.

“வேணாம் தாயே, சொல்லவே வேணாம்! ஆகாது, அதானே? மழை வந்தா தானா மூடுற ஜன்னல், ஆகாது. ஆளை எண்ணுற கதவு, ஆகாது. புதுசா வந்த காப்பி மெஷின்கூட ஆகாதுன்னீங்க. ஒரே ஒரு நாள் ஆகும்னு சொல்லுங்க ஒதிலி, அப்புறம் நீங்க ஆகாதுன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்கும் புரியும்.”

மினோர் குவளைக்குள் பார்த்துக்கொண்டு சிரித்தான். அந்த ஜன்னல் ஒரு குழந்தையின் விரலைக் கடித்தது. கதவு, கோழிக்கூடையை மூன்று பயணிகளாக எண்ணியது. காப்பி மெஷின் வெந்நீரை மட்டும் கொடுத்தது. அவள் சொன்னது ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. ஆனால் அதையெல்லாம் இந்த ஆளிடம் எடுத்துச் சொல்வது, மாட்டிடம் போய்த் தாளில் கோடு போட்டுக் காட்டுவது மாதிரி. அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்று வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமை அவள் கையொப்பத்துக்குத் தாள் வந்தது. ‘பொருத்தி, பரிசோதித்து, சரியெனக் கண்டேன்.’ சனிக்கிழமை மலையில் வெள்ளோட்டம், திங்களிலிருந்து முப்பத்திரண்டு பேருந்துகளிலும் பொருத்துவது என்று முடிவாகியிருந்தது. எப்படியும் சனிக்கிழமை, எல்லோர் கண்ணெதிரிலும், முதல் இறக்கத்திலேயே குட்டு உடைந்துவிடும். தோன் அபெலார்தோ வாயைப் பிளந்து நிற்பதை அவள் மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அழகான கையெழுத்தில், அப்பா வழி, அம்மா வழி என்று தன் இரண்டு குடும்பப் பெயர்களையும் முழுதாக எழுதிக் கையொப்பமிட்டாள்.

“அடேயப்பா!” என்றார் தோன் அபெலார்தோ. “காலண்டர்ல குறிச்சு வைக்கணும்.”

சனிக்கிழமை காலை, செரோ மலையின் உச்சியில் எல்லோரும் சூடான வெல்லத் தண்ணீர் குடித்தார்கள். குளிர் காதை வெட்டியது. எலாதியோ வழக்கம்போல் டயர்களைத் தட்டிப் பார்த்தான். முப்பது வருடமாக இந்தச் சாலையில் ஓட்டுகிறவன், திங்கட்கிழமையும் ஓட்டப்போகிறவன்.

“நீங்க நம்ம பஸ்ல வரலையா?” என்று மனைவியைக் கேட்டான்.

“பின்னாடி தோன் அபெலார்தோவோட வர்றேன். விளக்கைப் பாக்கணும்.”

“எல்லாம் சரிதானே?”

“கையெழுத்துப் போட்டிருக்கேனே.”

அவன் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டான். கூட்டுறவு உறுப்பினர்கள் பத்துப் பேரும் மினோரும் அவனோடு போனார்கள்.

தோன் அபெலார்தோவின் பிக்கப் வண்டி பின்தொடர்ந்தது. உச்சியைத் தாண்டி மூக்கு கீழே சாய்ந்த கணத்தில், பேருந்தின் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒதிலி இருக்கையில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

“பாத்தீங்களா! எவ்வளவு அழகா எரியுது!” என்றார் தோன் அபெலார்தோ.

ஒரு கிலோமீட்டர் போயிற்று. அணையவில்லை. அவர் இப்போது கேட்பார் என்று காத்திருந்தாள். மூன்று கிலோமீட்டர் போயிற்று. பேருந்து வளைவில் மெதுவானபோதும் எரிந்தது, நேர்சாலையில் ஓடியபோதும் எரிந்தது.

“இந்த மூடுபனியிலயும் தெரியுது பாருங்க. பழைய விளக்கா இருந்தா விட்டு விட்டுல்ல எரியும்? இது நிலையா நிக்குது. அந்தப் பையன் மூளைக்காரன்தான்.”

ஒதிலி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனிதன் முட்டாளாக இருப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்றுதான் இதுவரை கணக்குப் போட்டிருந்தாள். கீழே போய் எல்லோரும் இறங்கியதும் இதையே கேட்டு, இதையே மெச்சி, கைதட்டவும் கூடும் என்று முதல்முறையாகத் தோன்றியது. அப்படியானால் திங்கட்கிழமை முப்பத்திரண்டு பேருந்துகள்.

ஏழாவது கிலோமீட்டரில் தோன் அபெலார்தோ விளக்கைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். தன் மருமகனைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். பனி அடர்ந்தது. பேருந்துக்கும் பிக்கப்புக்கும் நடுவில் ஆறு வண்டி நீளம் இருந்தது நான்காயிற்று, பிறகு மூன்று.

“கொஞ்சம் தள்ளி ஓட்டுங்க.”

“ஏன்? விளக்குதான் எரியுதே, ஒதிலி.”

ஏன் என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அது அவள் வாயிலேயே இருந்தது. சொன்னால், எப்போதிலிருந்து தெரியும் என்று அவர் கேட்பார். அவள் முகத்தைச் சுளித்து, “பனிக்காகச் சொன்னேன்” என்றாள்.

மலைச்சரிவிலிருந்து உருண்ட கற்கள் சாலையில் கிடந்ததை எலாதியோ பார்த்திருக்க வேண்டும். பேருந்து நின்றது. அதன் விளக்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, பெரிதாக மட்டும் ஆயிற்று. ஒதிலி “பிரேக்!” என்று கத்தியபோது தோன் அபெலார்தோ “எங்கே?” என்று கேட்டார். மிதிப்பதற்குள் பிக்கப்பின் மூக்கு பேருந்தின் பம்பருக்கு அடியில் போய்விட்டது.

சத்தம் நின்ற பிறகு, அவரது இடது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருப்பதை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். பேருந்திலிருந்து ஆட்கள் குதித்து ஓடிவந்தார்கள். மினோர் முதலில் குனிந்து பார்த்தது விளக்கை. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கைபிரேக் போட்டு, ஓட்டுநர் இறங்கி, பேருந்து ஆளில்லாமல் சாய்ந்து நிற்கையிலும் எரிந்துகொண்டிருந்தது.

“அண்ணே, பாருண்ணே! இவ்வளவு அடி வாங்கியும் அணையல!”

யாரோ ஒருவர் தலையாட்டி மெச்சவும் செய்தார்.

“பனிதான் காரணம்,” என்றார் தோன் அபெலார்தோ, வலியில் வெளுத்து. “விளக்கு மேல குத்தமில்ல.”

“விளக்குதான் குத்தம்,” என்றாள் ஒதிலி. எலாதியோவின் முன்னால், ஜெபமாலையைச் சொல்லி, சாய்வைச் சொல்லி, சில்லைச் சொல்லி, ஐந்தே வாக்கியத்தில் முடித்தாள். எல்லோருக்கும் புரிந்தது. புரியவைப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. மினோர் விளக்கையும் சாலையின் சாய்வையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கிப்போயிற்று.

“இது எப்பத்துலேர்ந்து தெரியும்?” என்று தோன் அபெலார்தோ கேட்டார்.

“வியாழக்கிழமை.”

“கையெழுத்துப் போட்டது?”

“வெள்ளிக்கிழமை.”

அவர் உடைந்த கையை மறு கையில் தாங்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். சோதனை மேசையில் பொய் சொல்லி மாட்டிய சிப்பைப் பார்க்கிற பார்வை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

“தெரிஞ்சுதான் என்னை ஓட்டச் சொன்னீங்களா?” என்றான் எலாதியோ. குரலை உயர்த்தவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. இருக்கைக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்துவந்து, ஓரத்துப் புதரில் இலை அடர்ந்த கிளை ஒன்றை ஒரே வீச்சில் வெட்டி அவள் கையில் கொடுத்தான்.

“மேல போய்ப் போடுங்க. லாரிங்க வரும்.”

அவள் கிளையை இழுத்துக்கொண்டு ஏறினாள். இலைகள் ஈரத் தாரில் சரசரத்தன. ஐம்பது அடி தாண்டியதும் பனி பேருந்தை விழுங்கியது, மனிதர்களை விழுங்கியது. சிவப்புப் புள்ளி மட்டும் கீழே மிதந்தது. வளைவுக்கு அப்பால், சாலையின் நடுவில் கிளையைக் குறுக்கே போட்டுவிட்டு ஓரமாக நின்றாள்.

முதல் லாரி கட்டை ஏற்றி வந்தது. அதன் வெளிச்சம் பச்சை இலைகளில் பட்டதுமே என்ஜின் தொனி மாறியது. கியர் ஒன்று விழுந்தது, இன்னொன்று விழுந்தது. லாரி முனகிக்கொண்டு நடைவேகத்துக்கு வந்து, அவளைக் கடக்கும்போது ஓட்டுநர் நன்றியாக ஜன்னலுக்கு வெளியே ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். அதன் சக்கரங்கள் கிளையை நசுக்கித் தாரோடு தாராக ஒட்டிவிட்டிருந்தன. மேலே, எங்கோ பனிக்குள், அடுத்த வண்டி இறங்கி வரும் சத்தம் கேட்டது. ஒதிலி ஓரத்துப் புதரை இரண்டு கைகளாலும் பிடித்து, முறியாத ஒரு கொப்பை முறுக்கத் தொடங்கினாள்.