லோக்கல்

ஒலக்கூர் பக்கம் கம்பெனி வருகிறது என்றதும் ஊரிலேயே சந்தோஷத்தில் அதிகம் குதித்தவள் நான்தான். என் மகள் ரோஜா நான்கு வருஷமாக ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். கோயிலுக்குப் போய்வந்து கண் அசந்து எழுவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். பக்கத்திலேயே வேலை என்றால் தினமும் வீட்டுக்கு வந்து என் கையால் ஒரு வாய் சோறு தின்பாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

கூட்டம் போட்டார்கள். 'நிலைத்த வளர்ச்சி, உள்ளூர் மக்களுக்கே வேலை' என்று பேனர். முதல் ஆளாகக் கை தூக்கினேன்.

"நம்ம புள்ளைங்க நம்ம ஊர்லயே இருக்கும்னா கம்பெனி வரட்டும் சார்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

கம்பெனி மதில் எழுந்தது. ஆள் எடுக்க ஆரம்பித்த அன்று, எங்கள் தெரு செந்தாமரை மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"லோக்கல் வேணாமாம்க்கா. சாவுக்கு லீவு, காதுகுத்துக்கு லீவுன்னு கேட்டுக்கினே இருப்போமாம்."

எனக்கு வந்ததே கோபம்! "யாரு லோக்கல்? நாம என்ன குடிச்சிட்டு ரோட்ல சண்டை போடறவங்களா?" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான். உள்ளூருக்கும் அதே வார்த்தைதான் என்று அவள்தான் விளக்கினாள். பேனரில் உள்ளூர், ஆபீஸில் லோக்கல். நல்லா இருக்குதுடா உங்க வளர்ச்சி!

ரோஜாவுக்கு மட்டும் வேலை கிடைத்தது. அவள் ஆதார் கார்டில் ஒரகடம் விலாசம் இருந்தது. அன்றைக்குக் கேப்பைக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவள் தட்டில் கை வைக்கவில்லை.

"ஊரு ஒரகடம்னு சொல்லிட்டேம்மா. வெளியூர் பொண்ணுங்க கம்பெனிக்குள்ளயே இருக்கற ஹாஸ்டல்லதான் தங்கணுமாம். இங்க வந்து போனா யாராச்சும் பாத்துடுவாங்க. பர்மனென்ட் ஆவட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்."

ஒரகடத்தில் இருந்தபோதாவது மாதம் ஒரு ஞாயிறு இருந்தது. இப்போது என் வீட்டு வாசலில் நின்றால் அவள் ஹாஸ்டல் மாடி தெரிகிறது. ஐந்து நிமிஷ நடை. பார்க்க முடியாமல் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது.

மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, அவித்துக் கூடையில் எடுத்துக்கொண்டு, ஷிப்ட் விடுகிற நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டேன்.

தின்ன ஏதாவது வாங்க வெளியே வந்த பெண்கள் மொய்த்தார்கள். பாதிப் பேர் வடக்கத்திப் பிள்ளைகள். "அம்மா, எவ்ளோ?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்கள். கூடைக்காரி என்றால் எல்லோருக்கும் அம்மாதானே. ரோஜாவும் வந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"எவ்ளோக்கா?"

பயம். எனக்குப் புரியாதா? ஆனாலும் ஊரான் பெற்றதெல்லாம் அம்மா என்கிறது, நான் பெற்றது அக்கா என்கிறது. தினமும் அக்கா. பன்னிரண்டு நாள் பொறுத்தேன்.

பதின்மூன்றாம் நாள், வாட்ச்மேன் என் பக்கத்திலேயே நின்று மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். ரோஜா கையை நீட்டினாள்.

"ஒரு பொட்டலம் குடுக்கா."

"ஏம்மா பொண்ணு," என்றேன், "கூடைக்காரிய எல்லாரும் அம்மான்னுதான் கூப்புடறாங்க. நீயும் கூப்புடலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு பொட்டலம் குடும்மா."

வாட்ச்மேன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன கேட்ட? காதுல சரியா விழல," என்றேன்.

"அம்மா," என்றாள் ரோஜா. "அம்மா, ஒரு பொட்டலம்மா."